சத்தம் பிறக்கிற இடம், கேட்கிற இடம்

திங்கட்கிழமை காலையில் பொள்ளாச்சிப் பட்டறைகளுக்கு வரும் குடும்ப வண்டிகளில் பலவற்றுக்கும் ஒரே குறைதான்: சத்தம். சனி, ஞாயிறில் வால்பாறைக்குப் போய்த் திரும்பியிருப்பார்கள். ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். வண்டி நிறைய ஆட்கள், பின்னால் பைகள், இரண்டாவது கியரில் மெதுவாக ஊரும் மலைப்பாதை. யாரோ பாட்டை நிறுத்துவார்கள். நகரத்துக்குள் ஓட்டும்போது கேட்காத 'டொக் டொக்' அப்போதுதான் காதில் விழும். அதன் பிறகு கீழே இறங்கும் வரை வண்டியில் இருக்கும் எல்லோரும் அதையே கேட்டுக்கொண்டு வருவார்கள்.

அந்த ஊரில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கையில் ஸ்பேனரோடு நிற்கும் மேஸ்திரி ஒருவர், இப்படி வருகிறவர்களிடம் சாவியை உடனே வாங்குவதில்லை. முதலில் கேள்விகள். வண்டி குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பிறகா? வேகத்தடையில் ஏறும்போதா, இறங்கும்போதா? நேராகப் போகும்போதா, ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதா? பிரேக்கை லேசாகத் தொட்டால் நிற்கிறதா? ஒரே ஒரு தட்டலா, தொடர்ந்து வருகிறதா? வேகம் கூடினால் தட்டலும் கூடுகிறதா? கடைசியாக, பல பட்டறைகளில் கேட்காத கேள்வி: அப்போது வண்டியில் யார் யார், எங்கெங்கே உட்கார்ந்திருந்தார்கள்?

ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ஒரு உறுப்பு இருக்கிறது. மேடு பள்ளத்தில் வரும் சத்தம் பிரேக்கில் கால் வைத்ததும் நின்றால், காலிபருக்குள் பேடு ஆடுகிறது. சக்கரம் சுற்றும் வேகத்தோடு தட்டலும் கூடினால், தேட வேண்டியது டயர், வீல் நட், ஆக்சில் ஆகியவற்றில். நின்ற வண்டியில் ஆக்சிலேட்டரை மிதித்தாலே வந்தால், சக்கரப் பக்கம் போகவே வேண்டாம், இன்ஜின்தான். ஜாக்கி போடும் முன்பே தேட வேண்டிய இடம் கால்வாசியாகச் சுருங்கிவிடும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் பட்டறையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தபோது அங்கே நின்றவை அம்பாசடர்களும் எஸ்டேட் ஜீப்புகளும். 1950-களின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அடியொற்றி வந்த அம்பாசடருக்கு முன்பக்கம் முழுக்க உலோகத்தின் மேல் உலோகம் அசையும் மூட்டுகள். அவற்றுக்குக் கிரீஸ்தான் உயிர். நிப்பிள் நிப்பிளாகத் தேடிக் கிரீஸ் அடிப்பதுதான் பையன்களுக்கு முதல் வேலை. முன்பக்கம் லொடலொடவென்று வந்த வண்டி, கிரீஸ் அடித்ததும் அமைதியாகப் போகும். போகாவிட்டால் மூட்டுக்குள் இருக்கும் 'பின்' தேய்ந்திருக்கிறது என்று பொருள். அதைக் கழற்றி, கோயம்புத்தூருக்கு அனுப்பி, லேத்தில் புஷ் கடைந்து வாங்கிப் பொருத்துவார்கள். உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுபோனது. அந்த வண்டி கற்றுக்கொடுத்த பழக்கம் மட்டும் அவரிடம் இன்றும் இருக்கிறது. எந்த மூட்டையும் கண்ணால் பார்ப்பதோடு விடமாட்டார். ஒரு கையால் ஆட்டி, மறு கையை மூட்டின் மேல் வைத்துப் பார்ப்பார். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும்.

அங்கே தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக் கேட்பார். டைமிங் செயின் பக்கம், வால்வு மூடி, பம்ப், எண்ணெய்த் தொட்டி என்று முனையை நகர்த்திக்கொண்டே போவார். டீசல் ஜீப்பில் எந்தச் சிலிண்டர் தட்டுகிறது என்று தெரியாவிட்டால், ஓடும் இன்ஜினில் ஒவ்வொரு நாசில் பைப் நட்டாகத் தளர்த்துவார். தளர்த்தியதும் அந்தச் சிலிண்டருக்கு டீசல் போகாது, அதன் விசை நின்றுவிடும். தட்டலும் கூடவே குறைந்தால் ஆள் அகப்பட்டான். அந்த இன்ஜின்களுக்கு அது சரியான முறை. பின்னால் வந்த இன்ஜின்களில் அதே பழக்கம் உயிருக்கே ஆபத்தாக மாறியது.

தொண்ணூறுகளில் ஊரின் குடும்ப வண்டி மாறியது. டாடா சுமோ 1994-இல் வந்தது. குவாலிஸும் பொலேரோவும் 2000-இல், ஸ்கார்பியோ 2002-இல், இன்னோவா 2005-இல். கல்யாணம், காதுகுத்து, பழனி பாதயாத்திரைக்குப் பின்னால் சாமான் ஏற்றிப்போவது எல்லாவற்றுக்கும் இவைதாம். லாரியைப் போலவே அடியில் சேஸி, பின் ஆக்சிலுக்குப் போகும் நீண்ட புரொபெல்லர் ஷாஃப்ட். சத்தங்களின் இனமும் மாறியது. முன் கியரிலிருந்து ரிவர்ஸ் போட்டதும் அடியில் 'டங்' என்று ஒரு அடி விழும். பலர் கியர் பாக்ஸ் போய்விட்டது என்று பயந்து வருவார்கள். மேஸ்திரி வண்டிக்கு அடியில் படுத்து யூ ஜாயிண்ட் கிராஸின் நான்கு கப்புகளைத் துடைத்துப் பார்ப்பார். ஏதாவது ஒரு கப்பின் ஓரத்தில் மிளகாய்ப் பொடி நிறத்தில் துரு படிந்திருந்தால், உள்ளே கிரீஸ் வற்றி ஊசி பேரிங் அரைபடுகிறது. கிராஸ் மாற்றினால் வேலை முடிந்தது.

அந்தத் தலைமுறை வண்டிகளிடம் ஒரு நேர்மை இருந்தது என்கிறார். அடியில் எது எங்கே இருக்கிறது என்று படுத்தால் தெரியும். பட்டை ஸ்பிரிங்கின் யூ போல்ட் தளர்ந்தால் பட்டைக்குப் பக்கத்திலேயே கேட்கும். ஷாக்கிள் புஷ் தேய்ந்தால் அங்கேயே கிறீச்சிடும்.

அடுத்த தலைமுறையில் ரெனோ டஸ்டர் 2012-இல் ஒரகடத்திலிருந்தும், ஃபோர்டு ஈகோஸ்போர்ட் 2013-இல் மறைமலை நகரிலிருந்தும், ஹூண்டாய் கிரெட்டா 2015-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்தும் வெளிவந்தன. பார்வைக்கு ஜீப்பின் பிள்ளைகள், அடியில் கார். தனிச் சேஸி கிடையாது. உடலே சட்டம், உடலே கூரை. முன்னால் ஸ்ட்ரட், உலோக மூட்டுகள் இருந்த இடத்தில் ரப்பர் புஷ். கீழ் ஆர்ம், ஸ்டெபிலைசர் பார், இன்ஜின் மவுண்டிங், சைலன்சர் எல்லாம் ரப்பரில் தொங்குகின்றன. இரண்டு இரும்புக் குழல்களுக்கு நடுவே ஒட்டப்பட்ட அந்த ரப்பர், முழங்காலின் குருத்தெலும்பு செய்கிற வேலையைச் செய்கிறது. நன்றாக இருக்கும் வரை அது இருப்பதே தெரியாது.

ரப்பரின் ஆயுளை நம் சாலைகள் குறைக்கின்றன. வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் வழிகாட்டுகிறது: 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி அலுங்காமல் ஏறி இறங்க வேண்டும். தெருவில் நாம் பார்ப்பவை அதில் கால் பங்கு அகலம்கூட இல்லாதவை. ஒரு சுவரில் மோதுவதுபோல் சக்கரம் அதில் முட்டுகிறது. அந்த அடியை முதலில் வாங்குபவை ஸ்டெபிலைசர் லிங்க்கும் கீழ் ஆர்மின் பின் புஷ்ஷும். லிங்க்கின் முனையில் இருக்கும் சின்ன ரப்பர் உறை கிழிந்தால், மழைக்காலத்தில் தண்ணீரும் மணலும் உள்ளே போகும். அடுத்த கோடைக்குள் தட்டல் தொடங்கும்.

அதனால்தான் இன்றைய பட்டறைகளில் ஒரு சுருக்குவழி வந்துவிட்டது. முன்னால் சத்தமா, லிங்க் ராடை மாற்று. போகவில்லையா, ஷாக்கை மாற்று. இன்னும் போகவில்லையா, ஆர்ம். பல நேரம் முதல் அடியிலேயே சத்தம் நின்றுவிடுவதால் இந்த வழிக்கு நல்ல பெயர். நிற்காத வண்டிகள் கடைசியில் மேஸ்திரியிடம் வருகின்றன.

அப்படி வந்த ஒரு வண்டியைப் பற்றி அவர் விரிவாகச் சொல்கிறார். உடுமலைப் பக்கத்து ஆசிரியர் தம்பதியின் ஏழு சீட் டீசல் எஸ்யூவி, முன்சக்கர இழுவை. "முன்னாடி இடது பக்கம் அடிக்குதுங்கண்ணா" என்றார் கணவர். ஏற்கெனவே ஒரு பட்டறையில் இரண்டு லிங்க் ராடுகள் மாற்றியாயிற்று. இன்னொரு பட்டறையில் முன் ஷாக் இரண்டும், கீழ் ஆர்ம் இரண்டும். சத்தம் அப்படியே இருக்கிறது. போதாக்குறைக்கு இப்போது ஸ்டியரிங்கை ஒடித்தால் புதிதாக ஒரு 'டக்'.

மேஸ்திரி அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிப் பார்த்தார். கல் பெயர்ந்த சந்து, தண்டவாளம் கடக்கும் இடம், இரண்டு வேகத்தடைகள். புதிய 'டக்' கேட்டது. பழைய சத்தம் வரவே இல்லை. இப்படிப்பட்ட நேரத்தில் வண்டிக்காரர் முகத்தில் ஒரு சங்கடம் படரும், பொய் சொல்கிறோம் என்று நினைத்துவிடுவாரோ என்று. மேஸ்திரிக்கு அதில் சந்தேகமே கிடையாது. சத்தம் வந்தபோது இருந்த நிலைமை இப்போது இல்லை, அவ்வளவுதான். கேட்டுப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. அவர் தனியாகப் பள்ளிக்கூடம் போகும்போது சத்தம் வருவதில்லை. குடும்பத்தோடு போனால் மட்டும் வருகிறது.

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் ஏறிட்டு வாங்க சார். ஊருக்குப் போற மாதிரியே, பையெல்லாம் வெச்சுக்கிட்டு."

வந்தார்கள். முன்னால் ஆசிரியர், நடுவில் அவர் மனைவியும் தாயாரும், கடைசி வரிசையில் இரண்டு குழந்தைகள், அதற்குப் பின்னால் பைகள். மேஸ்திரி ஓட்டினார். அதே சந்தில் இருபது வேகத்தில் போகும்போது 'டொக், டொக்' என்று தெளிவாக வந்தது. முன்சீட்டில் இருந்த ஆசிரியருக்கு முன்பக்கம்போலத்தான் கேட்டது. ஓட்டிய மேஸ்திரியின் காதுக்கு இடது முன்பக்கம். வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஒவ்வொருவராகக் கேட்டார். அம்மாவும் பாட்டியும் முன்னாடி என்றார்கள். கடைசி வரிசையில் இருந்த பெண் குழந்தையிடம், "உனக்கு எங்க கண்ணு கேக்குது?" என்றார்.

"என் காலுக்குக் கீழேதான் தாத்தா அடிக்குது. போன லீவுல இருந்தே அடிக்குது."

அந்தக் குழந்தையிடம் அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை.

இரும்புக்குள் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 5,000 மீட்டர் ஓடுகிறது. காற்றில் 340 மீட்டர்தான். வண்டியின் அடியில் ஒரு இடத்தில் விழும் அடி, உடல் முழுக்கப் பரவி, எங்கே தகடு மெலிந்தும் குழிந்தும் இருக்கிறதோ அங்கே உரக்க வெளிப்படும். நம் ஊர் வண்டிகளில் ஓட்டுநர் வலது பக்கம் உட்காருகிறார். வண்டியின் நடுச் சுரங்கம் வழியாக வரும் எல்லாச் சத்தமும் அவருக்கு இடது பக்கத்திலிருந்து வருவதாகவே தோன்றும். 'முன்னாடி இடது' என்று வரும் புகார்களில் பல இப்படிப்பட்டவை என்பது மேஸ்திரியின் நெடுநாள் அனுபவம். காது ஏமாறலாம். உள்ளங்காலில் உணரும் அதிர்வு அவ்வளவாக ஏமாற்றுவதில்லை.

அவர் பட்டறைப் பையனை ஓட்டச் சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில் குழந்தைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தார். தரையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். ஒவ்வொரு பள்ளத்திலும் அடி கைக்கு வந்து விழுந்தது.

பட்டறையில் வண்டியை லிஃப்டில் ஏற்றியதும் அவர் தேடியது பளபளப்பை. இரண்டு இரும்புகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டால் துருவும் பெயிண்டும் உதிர்ந்து, அந்த இடம் மட்டும் வெள்ளிக்காசு போல மின்னும். பின் ஆக்சில் பீமின் மேல் விளிம்பில் விரலகலத்துக்கு ஒரு பளபளப்பு. அதற்கு நேர் மேலே சைலன்சர் குழாயின் அடிவயிற்றில் இன்னொன்று. குழாயைத் தாங்கும் ரப்பர் தொங்கல்களில் ஒன்று நடுவே கிழிந்து நீண்டிருந்தது. குழாய் கீழே இறங்கிவிட்டது. ஒருவர் மட்டும் ஓட்டும்போது பீமுக்கும் குழாய்க்கும் நடுவே இடம் இருக்கும். ஐந்து பேரும் பைகளும் ஏறியதும் உடல் தாழும், ஒவ்வொரு பள்ளத்திலும் பீம் மேலே வந்து குழாயில் முட்டும். முட்டிய அடி குழாய் வழியாகவே முன்னால் ஓடி, நடுச் சுரங்கத்தில் இருக்கும் தாங்கியில் போய் ஒலிக்கும். மூன்று பெரியவர்களும் முன்னாடி என்று சொன்னதற்குக் காரணம் அதுதான்.

சில நூறு ரூபாய் ரப்பர். மாற்ற அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

புதிய 'டக்' தனிக் கதை. பையன் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் ஒடிக்க, மேஸ்திரி முன் ஸ்பிரிங்கின் மேல் கை வைத்துப் பார்த்தார். இடப்பக்கம் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு துள்ளியது. ஷாக் மாற்றியவர்கள் ஸ்பிரிங்கின் கீழ் முனையை அதற்கான படியில் உட்காரவைக்காமல் மூடிவிட்டிருந்தார்கள். ஆர்மின் புது புஷ்ஷிலும் ரப்பர் ஒரு பக்கம் மடிப்பு விழுந்து முறுகியிருந்தது. சக்கரம் காற்றில் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை இறுக்கினால் இப்படித்தான் ஆகும். வண்டி தரையிறங்கியதும் ஆர்ம் மேலே எழும். இறுக்கிய ரப்பர் அன்றிலிருந்து எப்போதும் முறுகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். அவர் போல்ட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தின் மேல் வண்டியின் எடை இறங்கிய பிறகு மறுபடி முறுக்கு ஸ்பேனரால் இறுக்கினார். வீல் அலைன்மென்ட் பார்க்க அனுப்பினார். சாயங்காலம் குடும்பத்தோடு மீண்டும் அதே சந்தில் ஒரு சுற்று.

கழற்றிய பழைய ஷாக் இரண்டும் டிக்கியில் கிடந்தன. கையால் அழுத்தியும் இழுத்தும் பார்த்தார். இரண்டு திசையிலும் சீரான தடை, எண்ணெய்க் கசிவு கிடையாது. பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்.

இன்ஜினுக்குள்ளிருந்து வரும் தட்டல்கள் வேறு ஜாதி. அவற்றில் எது பொறுக்கும், எது பொறுக்காது என்று பிரித்தறிவதில்தான் மெக்கானிக்கின் கவனம் முழுக்க இருக்க வேண்டும் என்பார். காலையில் ஸ்டார்ட் செய்ததும் தட்டி, சூடேறியதும் மறைந்தால் பெரும்பாலும் பிஸ்டன் சிலிண்டர் சுவரில் உரசும் தட்டல். அந்த வண்டி இன்னும் நெடுநாள் ஓடும். சூடேற ஏற, எண்ணெய் இளக இளகத் தட்டல் வலுத்தால் அது கனெக்டிங் ராடு பேரிங். பேரிங் தேய்ந்து இடைவெளி விழுந்த பிறகு எண்ணெய்ப் படலம் தாங்குவதில்லை, உலோகம் உலோகத்தில் இடிக்கிறது.

எண்ணெய் விளக்கு சிவப்பாக எரிவதைப் பார்த்தும், கல்யாண மண்டபம் வரை போய்விடலாம் என்று ஓட்டிவந்த ஒரு வண்டியை அவர் மறக்கவில்லை. வந்தபோது சம்மட்டி அடிப்பதுபோல் இருந்தது. அடியில் எண்ணெய்த் தொட்டியின் பிளக் கல்லில் பட்டுக் கசிந்திருந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்யவே விடாமல் கட்டி இழுத்து உள்ளே கொண்டுபோனார். முன்பெல்லாம் கிராங்கைக் கோயம்புத்தூரில் கிரைண்ட் செய்து, கால் மில்லிமீட்டர் அண்டர்சைஸ் பேரிங் போட்டு மீட்டுவிடலாம். இப்போது வரும் சில இன்ஜின்களுக்கு அண்டர்சைஸ் பேரிங்கே கிடைப்பதில்லை. கிராங்க் முழுசாக மாற்ற வேண்டும், இல்லையென்றால் இன்ஜினையே. எண்ணெய் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள் என்று அவர் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் மன்றாடிச் சொல்வது அதற்குத்தான்.

பெட்ரோல் வண்டிகளில் மலையேறும்போது வரும் கிணிகிணிச் சத்தம் இன்னொன்று. தீப்பொறி பற்றவைத்த நெருப்பு பரவி முடிப்பதற்கு முன், மிச்சமிருக்கும் கலவை அழுத்தத்திலும் வெப்பத்திலும் தானாக வெடிப்பதால் வருவது. இதைத் தடுக்கத்தான் ஒரு காலத்தில் பெட்ரோலில் ஈயம் கலந்தார்கள். இந்தியா முழுக்க ஈயப் பெட்ரோல் நின்றது 2000 பிப்ரவரி 1-இல். அந்தக் காலத்தில் மேஸ்திரி அதிகம் பார்த்தது கலப்படம். மானிய விலை மண்ணெண்ணெய் பெட்ரோலில் கலந்து விற்கப்பட்டது. மண்ணெண்ணெயின் ஆக்டேன் எண் மிகக் குறைவு. புதிதாகப் பெட்ரோல் போட்ட வண்டி ஆழியாறு ஏற்றத்தில் கிணுகிணுத்துக்கொண்டு திரும்பி வரும். டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி டைமிங்கைப் பின்தள்ளுவார்கள். சத்தம் நிற்கும், இழுவை குறையும். இப்போது அந்த வேலையை நாக் சென்சார் பார்க்கிறது. இன்ஜின் பிளாக்கில் திருகியிருக்கும் அந்தச் சின்ன வில்லை அதிர்வை மின்சாரமாக மாற்றிக் கணினிக்குச் சொல்ல, கணினி உடனே டைமிங்கைப் பின்தள்ளுகிறது. எத்தனாலுக்கு ஆக்டேன் எண் அதிகம் என்பதால் இன்றைய கலப்புப் பெட்ரோலில் இந்தத் தட்டல் அரிது. இருந்தும் உயர்ந்த கியரில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து மலையேறுகிறவர்கள் இருக்கிறார்கள். கியரைக் குறையுங்கள், இன்ஜின் சுற்றட்டும் என்பது அவர் அறிவுரை.

டீசலில்தான் அவருடைய தலைமுறை பழையதை வலிந்து மறக்க வேண்டியிருந்தது. காமன் ரெயில் இன்ஜின்களில் குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் 1,600 பாரும் அதற்கு மேலும் போகும். கார் டயருக்குள் இருப்பது இரண்டரை பாருக்கும் கீழே. ஓடும் இன்ஜினில் அந்த நட்டைத் தளர்த்தினால் பீச்சும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளிதான் தெரியும். உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடலாம். பழைய பழக்கத்தில் கை நட்டுக்குப் போன ஒரு நண்பரை அவர் தோளைப் பிடித்து இழுத்திருக்கிறார். இப்போது ஸ்கேனரை மாட்டினால் ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்க்கலாம். எந்த இன்ஜெக்டருக்குக் கணினி எவ்வளவு திருத்தம் கொடுக்கிறது என்று எண்ணாகவே தெரியும். பெரியவர் நட்டைத் தளர்த்திக் கண்டுபிடித்ததும் இந்த எண் காட்டுவதும் ஒரே உண்மையை என்று பையன்களுக்கு அவர் சொல்லித்தருகிறார். காரணம் தெரிந்தவனுக்குத்தான் ஸ்கேனரின் எண் பேசும்.

சில சத்தங்களோடு வரும் வண்டியின் சாவியை அவர் திருப்பித் தருவதில்லை. பஞ்சர் கடையில் டயர் மாற்றி இரண்டு நாளில் ஒரு சக்கரம் 'கடக் கடக்' என்று, வேகம் கூடக்கூடக் கூடிக்கொண்டே வந்தால், வீல் நட் தளர்ந்திருக்கிறது. வீடு வரை போய்விடலாம் என்று கிளம்பினால் சக்கரம் வழியிலேயே கழன்றுவிடலாம். கீழ் பால் ஜாயிண்ட்டிலும் டை ராடு எண்டிலும் ஆட்டம் இருந்தாலும் அப்படியே. சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பால் ஜாயிண்ட்டோ வீல் பேரிங்கோ காட்டிக்கொடுக்கும். இரு பக்கமும் பிடித்து ஆட்டினால் டை ராடு காட்டிக்கொடுக்கும். லிங்க் ராடு ஒரு மாதம் பொறுக்கும். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். "இத மட்டும் நாளைக்குன்னு சொல்லாதீங்க தம்பி, ஆட்டோவுல போங்க, வண்டி இங்க நிக்கட்டும்" என்பார். கோபப்பட்டுப் போனவர்களும் உண்டு.

கூலி விஷயத்தில் அவருக்கு ஆழ்ந்த வருத்தம் இருக்கிறது. உதிரிபாகத்துக்கு எவ்வளவு கேட்டாலும் கொடுப்பவர்கள், இரண்டு மணி நேரம் தேடிச் சத்தத்தைக் கண்டுபிடித்ததற்குக் காசு கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். மாற்றியது ஒரு ரப்பர்தானே என்பார்கள். தேடுவதற்குக் கூலி கிடைக்காத இடத்தில் பட்டறை வேறு வழியில் பிழைக்கப் பார்க்கும், பாகங்களை மாற்றிக்கொண்டே போகும். அந்த ஆசிரியர் வண்டிக்கு நடந்தது அதுதான். தேடுவதற்கென்று தனிக் கூலியை அவர் பில்லில் முதல் வரியாகவே எழுதத் தொடங்கியபோது பக்கத்துப் பட்டறைக்காரர்கள் வேண்டாம் என்று தடுத்தார்கள். சில வாடிக்கையாளர்கள் போனார்கள். தங்கியவர்கள் தங்கள் சொந்தக்காரர்களையும் அனுப்புகிறார்கள்.

பாகங்களின் தரமும் அவரை வருத்துகிறது. முன்பு புஷ்ஷை மட்டும் அழுத்தி எடுத்து மாற்றுவார்கள். இப்போது ஆர்மோடு சேர்த்துத்தான் விற்கிறார்கள். போலிப் பெட்டியில் வரும் ரப்பரை நகத்தால் கீறினாலே தூளாக உதிர்கிறது. ஆறே மாதத்தில் அதே சத்தம் திரும்பி வந்தால் வாடிக்கையாளர் கேட்பது மெக்கானிக்கைத்தான்.

மின்சார எஸ்யூவிகள் வரத் தொடங்கியதும், இனிமேல் சத்தப் புகாரே இருக்காது என்று சிலர் அவரிடம் சொன்னார்கள். நடந்தது வேறு. இன்ஜின் ஓசை மறைத்துவைத்திருந்த சின்னச் சின்னத் தட்டல்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டன. சீட் பெல்ட்டின் கொக்கி கதவுத் தூணில் படுவதுகூடப் புகாராக வருகிறது. பேட்டரியின் எடை சில நூறு கிலோ. மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு விசையில் இழுக்கிறது. புஷ்ஷும் மவுண்டிங்கும் இரண்டையும் சேர்த்துத் தாங்க வேண்டும். உயர் மின்னழுத்தம் போகும் ஆரஞ்சு நிறக் கேபிள்களை அவர் பட்டறையில் யாரும் தொடக்கூடாது, அதற்குப் பயிற்சி பெற்ற இடத்துக்கு அனுப்பிவிடுவார். சக்கரப் பக்கத்து வேலைகளை எடுத்துக்கொள்கிறார்.

பட்டறையில் இப்போது இருக்கும் இரண்டு பையன்களுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்திருக்கிறார். வாடிக்கையாளர் சொல்வதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். அடுத்து ஓட்டிப் பார்த்துத் தாங்கள் கேட்டதை எழுத வேண்டும். மூன்றாவதாகத்தான் லிஃப்ட். கடைசியில் கண்டுபிடித்தது என்ன என்று அதே பக்கத்தில் குறிக்க வேண்டும். 'இடது திருப்பம், மெதுவான வேகம், மழைக்குப் பிறகு மட்டும்', 'ரிவர்ஸ் எடுத்து முதல் பிரேக்கில் ஒரே ஒரு தட்டல், காலிபர் போல்ட்' என்று பக்கங்கள் நிரம்பிக்கொண்டிருக்கின்றன. வந்து ஒரு வருடமே ஆன பையன் ஒருவன் போன மாதம் தானாகவே ஒரு ஸ்ட்ரட் மவுண்ட்டைக் கண்டுபிடித்தான். அந்தப் பக்கத்தை மேஸ்திரி வருகிறவர்களிடமெல்லாம் விரித்துக் காட்டுகிறார்.

நோட்டில் கடைசியாக இருக்கும் பக்கம் இன்னும் முடியவில்லை. மின்சார எஸ்யூவி ஒன்று, இறக்கத்தில் மட்டும் பின்னால் ஒரு தட்டல். பட்டறைச் சந்திலும் புறவழிச்சாலையிலும் ஓட்டியாயிற்று, வரவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வரச் சொல்லியிருக்கிறார். வால்பாறை மலைப்பாதையில் அட்டகட்டி வரை ஏறி, இறங்கும்போது பின் சீட்டில் பையனை உட்காரவைத்துக் கேட்கப்போகிறார்கள்.